நள்ளிரவில் ஒரு முஸாபர்

பகலில் ஓர் ஊருக்குள் நுழைவது வேறு. இரவில் நுழைவது வேறு. பகலில் ஊர் நம்மை வரவேற்காவிட்டாலும் தன் முகத்தையாவது காட்டும். கடைத்தெரு எது, பள்ளிவாசல் எது, ஒதுங்கிச் செல்ல வேண்டிய சந்து எது என்பதைக் கண் தானாகவே அறிந்துகொள்ளும். இரவிலோ ஊர் முழுவதும் சாத்திய கதவுகளாகவே தென்படும். அதிலும் மொழி தெரியாத வெளிநாட்டு நகரமாக அமைந்துவிட்டால், தாடி நரைத்த மனிதனும் சந்தையில் தாயின் கையைத் தவறவிட்ட பிள்ளையாகிவிடுகிறான்.

2023ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அத்தகைய ஓர் இரவை அல்லாஹ் எனக்குக் காட்டினான். இருபது ஆண்டுகளாக மாணவர்களுக்கு நான் ஓதிக்கொடுத்த ஒரு பாடம் அன்றுதான் என் நெஞ்சில் இறங்கியது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொண்டே இக்கட்டுரையைத் தொடங்குகிறேன்.

மதீனாவிலிருந்து இஸ்தான்புல்

உம்ராவை நிறைவேற்றிவிட்டு மதீனா முனவ்வராவில் தங்கியிருந்தோம். உடன் வந்த உறவினர்கள் ஊர் திரும்ப, நான் மட்டும் நெடுநாள் ஆசை ஒன்றை நிறைவேற்றிக்கொள்ளத் துருக்கி நாட்டின் இஸ்தான்புல் நகருக்குப் புறப்பட்டேன். பெருமானார் (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத் செய்து மதீனாவுக்கு வந்தபோது தம் இல்லத்தில் இடமளித்த அபூ அய்யூப் அல் அன்ஸாரி (ரலி) அவர்கள் அந்நகரில்தான் அடங்கியிருக்கிறார்கள். அவர்களை ஜியாரத் செய்ய வேண்டும் என்பதே என் ஆசை.

விமான நிலையத்தில் ஆள் காத்திருப்பார், விடுதியில் கொண்டுபோய்ச் சேர்ப்பார் என்று பயண ஏற்பாட்டாளர் உறுதி கூறியிருந்தார். விமானம் தாமதமாகப் புறப்பட்டு, இரவு பதினொரு மணிக்குப் பின்னரே இறங்கியது. இஸ்தான்புல்லின் புதிய விமான நிலையம் 2018இல் திறக்கப்பட்டது. கருங்கடல் கரையை ஒட்டி, பழைய நகரிலிருந்து வெகுதொலைவில் அது இருக்கிறது. சவூதிக்கும் துருக்கிக்கும் நேர வேறுபாடு இல்லையாதலால் கடிகாரத்தைத் திருப்பும் வேலைகூட எனக்கு இருக்கவில்லை. வெளிவாயிலில் பெயர் எழுதிய அட்டைகளைப் பிடித்தபடி பலர் நின்றார்கள். ஒவ்வோர் அட்டையாகப் படித்துக்கொண்டே நடந்தேன். என் பெயர் எதிலும் இல்லை.

ஒரு மணி நேரம் காத்திருந்தேன். கைப்பேசி அந்நாட்டில் வேலை செய்யவில்லை. நின்றவர்கள் ஒவ்வொருவராகத் தத்தம் விருந்தினரை அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். பின்னர் விசாரித்து, சில ரியால்களை லிராவாக மாற்றிக்கொண்டு, அக்ஸராய் என்னும் பகுதிக்குச் செல்லும் பேருந்தில் ஏறினேன். என் விடுதி அதற்கு அருகில் என்று மட்டும் அறிந்திருந்தேன். பேருந்தை விட்டு இறங்கியபோது மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. துருக்கியர் 1928இல் அரபு எழுத்தைக் கைவிட்டு லத்தீன் எழுத்துக்கு மாறிவிட்டவர்கள். ஆகவே பெயர்ப்பலகைகளை எழுத்துக்கூட்டி வாசிக்க முடிந்தது. ஒரு சொல்லுக்கும் பொருள் விளங்கவில்லை.

"அன முஸாஃபிர்"

தெருமுனையில் ஒரு சிறு கடையில் மட்டும் விளக்கு எரிந்தது. சூப் விற்கும் கடை. அவர்கள் அதைச் 'சோர்பா' என்கிறார்கள். உள்ளே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஸலாம் கூறினேன். பதில் ஸலாம் வந்தது. விடுதியின் முகவரி எழுதிய தாளை நீட்டி அரபியில் கேட்டேன். அவருக்கு அரபி தெரியவில்லை. ஆங்கிலமும் தெரியவில்லை. என்ன செய்வதென்று விளங்காமல், என் நெஞ்சில் கை வைத்து, "அன முஸாஃபிர்" என்றேன். 'நான் ஒரு பயணி' என்பது பொருள்.

அச்சொல்லைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. "மிஸாஃபிர்! மிஸாஃபிர்!" என்று இருமுறை கூறினார். "ஹிந்திஸ்தான்?" என்று கேட்டார். தலையசைத்தேன். உடனே நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை அமர்த்தினார். ஆவி பறக்கும் மைசூர்ப் பருப்புச் சூப்பையும் ரொட்டியையும் ஓர் எலுமிச்சைத் துண்டையும் கொண்டுவந்து வைத்தார். நம் வீடுகளில் நோன்பு திறக்கும்போது முதல் மிடறு கஞ்சி தொண்டையில் இறங்குமே, அப்படி இறங்கியது அந்தச் சூப்.

பணம் எடுத்து நீட்டினேன். "யோக், யோக்" என்று கையை விலக்கிவிட்டார். பிறகு விளக்கை அணைத்தார். கடையின் இரும்புக் கதவை இழுத்துப் பூட்டினார். என் பெட்டியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு விறுவிறுவென்று நடக்கத் தொடங்கினார்!

என் நெஞ்சு துணுக்குற்றது. கடவுச்சீட்டு, மிச்சப் பணம், மதீனாவில் பிள்ளைகளுக்கு வாங்கிய பேரீச்சம்பழம் எல்லாம் அந்தப் பெட்டியில் இருந்தன. யார் இவர்? முன்பின் அறியாத ஒருவனுக்காகக் கடையைப் பூட்டிவிட்டு வர இவருக்கு என்ன கட்டாயம்? சூப்புக்குக் காசு வாங்காதது இதற்காகத்தானோ? அவர் ஒரு மேட்டுச் சந்தில் திரும்பினார். அதைவிட இருண்ட இன்னொரு சந்தில் நுழைந்தார். கல் பாவிய தரை மழையில் வழுக்கியது. நான் ஆயத்துல் குர்ஸியை ஓதிக்கொண்டே, ஓடவும் துணியாமல் நிற்கவும் துணியாமல், அவர் பின்னால் மூச்சிரைக்க ஏறினேன். உள்ளத்தில் இருந்ததைச் சொல்வதானால், அந்த மனிதரை அப்போது நான் திருடர் என்றே முடிவு செய்துவிட்டேன்.

பத்து நிமிடம் கழித்து ஒரு கதவின் முன் நின்றார். என் தாளில் இருந்த பெயரே அதன் மேல் இருந்தது. உள்ளே இருள். அவர் தட்டினார், மீண்டும் தட்டினார். தூக்கக் கலக்கத்தோடு கதவைத் திறந்த காவலாளியிடம் நெடுநேரம் பேசினார். என் பெயரில் அறையே பதிவாகவில்லை என்பதை அவர்களின் முகக்குறிப்பால் புரிந்துகொண்டேன். அவரோ விடவில்லை. அந்தப் பேச்சிலும் 'மிஸாஃபிர்' என்ற சொல் இரண்டு மூன்று முறை காதில் விழுந்தது. இறுதியில் காவலாளி ஒரு சாவியை எடுத்துக் கொடுத்தார். அது என் கைக்கு வந்ததைப் பார்த்த பிறகே, அம்மனிதர் வலக்கையை நெஞ்சில் வைத்துத் தலை தாழ்த்தி ஸலாம் கூறிவிட்டு, மழையில் இறங்கிப் போனார். நான் நன்றி சொல்வதற்குக்கூட அவருடைய மொழியில் ஒரு சொல் என்னிடம் இல்லை.

நான் சாத்திய கதவு

கஸ்ராக இரண்டு ரக்அத் இஷாவைத் தொழுதுவிட்டுப் படுத்தேன். உறக்கம் வரவில்லை. வேறோர் இரவு நினைவில் எழுந்து நின்றது.

அது சில ஆண்டுகளுக்கு முந்தைய கார்த்திகை மாதம். எங்கள் மத்ரஸாவை ஒட்டிய பள்ளிவாசலில் இஷா முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். மோதினார் விடுப்பில் இருந்ததால் சாவி என்னிடம் இருந்தது. வெளிக்கதவைப் பூட்டும் வேளையில், கையில் ஒரு துணிப்பையோடு முதியவர் ஒருவர் வந்து நின்றார். "ஹஜ்ரத், நான் முஸாபருங்க. இன்னிக்கு ராத்திரி மட்டும் படுத்துக்கட்டுமா?" என்று கேட்டார்.

அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான் பள்ளியின் உண்டியல் உடைக்கப்பட்டிருந்தது. இஷாவுக்குப் பிறகு எவரையும் உள்ளே தங்கவிடக் கூடாதென்று நிர்வாகம் முடிவு செய்திருந்தது. நான் அந்த விதியைச் சொன்னேன். பேருந்து நிலையத்திற்குச் செல்லும் வழியைக் காட்டினேன். அவர் வாதாடவில்லை. "அஸ்ஸலாமு அலைக்கும்" என்று கூறிவிட்டுத் திரும்பினார். மறுநாள் ஸுப்ஹுக்குப் பின் தேநீர்க் கடையில் சொன்னார்கள்: அரசு மருத்துவமனையில் கிடக்கும் மகனைப் பார்க்க வந்தவராம், எதிர்க்கடைத் திண்ணையில் சாரலில் நனைந்தபடி இரவைக் கழித்தாராம். அவரைத் தேடிச் சென்றேன். அதற்குள் அவர் போய்விட்டிருந்தார்.

விதியைத்தானே பின்பற்றினேன் என்று அன்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். ஒவ்வொரு ஜும்ஆவிலும் சூரத்துல் கஹ்ஃபு ஓதுகிறவன் நான். மூஸா (அலை) அவர்களும் கிழ்ரு (அலை) அவர்களும் ஓர் ஊருக்கு வந்து உணவு கேட்டதையும், அவ்வூரார் அவர்களுக்கு விருந்தளிக்க மறுத்ததையும் அதே சூராவில்தான் ஓதுகிறேன். அவ்வூரார் எத்தகைய கல்நெஞ்சரோ என்று மாணவர்களிடம் வியந்தும் இருக்கிறேன். இஸ்தான்புல்லின் அந்த விடுதி அறையில், அவ்வூராரில் ஒருவனாக என்னை நானே கண்டேன். அந்த முதியவர் சொன்ன அதே சொல்லைத்தான் நானும் அன்றிரவு சொன்னேன். எனக்குக் கிடைத்த பதில் வேறாக இருந்தது.

ஒரு சொல், இரு பொருள்

அதிகாலையில் பாங்கொலி கேட்டு எழுந்து, அருகிலிருந்த ஃபாத்திஹ் பள்ளிவாசலுக்குச் சென்றேன். தொழுகைக்குப் பின் அரபி பயிலும் துருக்கிய மாணவர் ஒருவர் அறிமுகமானார். இரவு நடந்ததை அவரிடம் விவரித்தேன். அவர் புன்னகைத்தார்.

"எங்கள் மொழியில் பயணிக்கு 'யோல்ஜு' என்று வேறு சொல் இருக்கிறது. அரபியிலிருந்து நாங்கள் எடுத்துக்கொண்ட 'மிஸாஃபிர்' என்ற சொல்லுக்கு எங்களிடம் விருந்தாளி என்று பொருள். நீங்கள் 'நான் பயணி' என்றீர்கள். அவர் காதில் 'நான் உங்கள் விருந்தாளி' என்று விழுந்திருக்கிறது" என்றார். சொல்லாமல் கொள்ளாமல் வாசலில் வந்து நிற்பவரை 'தன்ரி மிஸாஃபிரி', அதாவது இறைவனின் விருந்தாளி, என்று துருக்கியர் அழைப்பார்கள் என்றும் கூறினார்.

வழியில் நடப்பவன் என்று அரபியில் பொருள்தரும் சொல், ஒரு சமுதாயத்தின் நாவில் விருந்தாளி என்று மாறிவிட்டதென்றால், எத்தனை தலைமுறை வாசல்கள் அதற்காகத் திறந்திருக்க வேண்டும்! நம் தமிழும் இதில் குறைந்ததன்று. 'விருந்து' என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் புதுமை என்பதே பொருள். விருந்தினர் என்றால் புதியவர். உற்றாரும் உறவினரும் வந்து உண்பதையே விருந்து என்று நாம் சுருக்கிக்கொண்டோம்.

நான் நின்றிருந்த அந்தப் பள்ளிவாசல், இஸ்தான்புல்லை 1453இல் வெற்றிகொண்ட சுல்தான் முஹம்மது ஃபாத்திஹ் அவர்களால் 1463க்கும் 1470க்கும் இடையில் முதலில் கட்டப்பட்டது. 1766இல் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் இடிந்து, பின்னர் மீண்டும் எழுப்பப்பட்டது. தொழுகைக்கூடத்தோடு மத்ரஸாக்கள், மருத்துவமனை, இலவச உணவுச்சாலை, பயணிகள் தங்கும் 'தாப்ஹானே' ஆகியவற்றையும் சேர்த்தே சுல்தான் கட்டினார். பயணிகளுக்கு அங்கே மூன்று நாட்கள் உணவும் உறைவிடமும் இலவசம். 1550க்கும் 1557க்கும் இடையில் கட்டடக் கலைஞர் சினான் எழுப்பிய சுலைமானிய்யா பள்ளிவாசலிலும் இதே ஏற்பாடு இருந்தது.

மூன்று நாட்கள் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்பதை நம் வாசகர்கள் அறிவார்கள். விருந்தோம்பல் மூன்று நாட்கள், அதற்கு மேற்பட்டது தர்மம், விருந்தினரும் வீட்டாருக்குச் சுமையாகும் அளவுக்குத் தங்கலாகாது என்ற கருத்தில் அமைந்த நபிமொழி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது. அந்நபிமொழியைக் கல்லாலும் சுண்ணாம்பாலும் கட்டி எழுப்பியிருந்தார்கள் அந்தச் சுல்தான்கள். ஸகாத் பெறத் தகுதியுடைய எட்டுப் பிரிவினரில் வழிப்போக்கரையும் ஒருவராகச் சூரத்துத் தவ்பாவின் 60ஆம் வசனம் எண்ணுகிறது. சொந்த ஊரில் செல்வராக இருந்தாலும், வழியில் கையற்று நிற்பவருக்கு அதில் பங்குண்டு. 'இப்னுஸ் ஸபீல்', பாதையின் மைந்தன் என்று அவருக்குப் பெயர். பெற்றோரும் உற்றாரும் அருகில் இல்லாத வேளையில் அவருக்குப் பாதைதானே தாய்!

இப்னு பதூதா அழுத இடம்

உலகம் சுற்றிய இப்னு பதூதா 1325இல் தம் இருபத்தோராவது வயதில் தாஞ்சியர் நகரிலிருந்து ஹஜ்ஜுக்காகப் புறப்பட்டார். தூனிஸ் நகரை அடைந்தபோது ஊரார் திரண்டு வந்து கூட்டத்திலிருந்த ஒவ்வொருவருக்கும் ஸலாம் கூறி வரவேற்றார்கள். இவரை அறிந்தவர் எவருமில்லை. இவருக்கு ஸலாம் கூறுவாரும் இல்லை. அடக்கமாட்டாமல் அழுதுவிட்டதாக அவரே தம் பயண நூலில் பதிவு செய்திருக்கிறார். அதைக் கவனித்த ஹாஜி ஒருவர் அருகில் வந்து ஸலாம் கூறி, ஊருக்குள் நுழையும்வரை பேசிக்கொண்டே வந்து அவரைத் தேற்றினார். பின்னாளில் சீனம்வரை சென்றவரும், நம் மதுரைக்கு வந்து தங்கியவருமான அந்தப் பெரும் பயணியின் முதல் கண்ணீரைத் துடைத்தது ஒரு ஸலாம்!

1330களில் அவர் இன்றைய துருக்கிக்குள் சென்றார். இப்போது தெனிஸ்லி எனப்படும் ஊருக்குள் அவருடைய கூட்டம் நுழைந்தபோது, கடைகளிலிருந்து சிலர் ஓடிவந்து குதிரைகளின் கடிவாளத்தைப் பற்றினார்கள். வேறு சிலர் வந்து அவர்களோடு மல்லுக்கு நின்றார்கள். கத்திகளும் உருவப்பட்டன. மொழி தெரியாத இப்னு பதூதா, வழிப்பறிக் கூட்டத்திடம் அகப்பட்டோம் என்றே நடுங்கினார். அரபி அறிந்த ஒருவர் வந்து விளக்கிய பிறகுதான் உண்மை தெரிந்தது. அவர்கள் 'அகீ' எனப்படும் சகோதரத்துவ அமைப்பின் இரு பிரிவினர். வந்த முஸாபர்களை யார் வீட்டில் தங்கவைப்பது என்பதற்காகவே அந்தச் சண்டை! இறுதியில் சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொண்டார்கள். இந்த அகீகள் செல்வந்தர்களல்லர். கைத்தொழில் செய்யும் இளைஞர்கள். பகலெல்லாம் உழைத்துச் சம்பாதித்ததை மாலையில் தலைவரிடம் ஒப்படைத்து, அதைக்கொண்டு தங்கள் மன்றத்தில் விளக்கேற்றிப் பயணிகளுக்கு உணவளித்தவர்கள்.

இந்த வரலாற்றையும் நான் பலமுறை வாசித்தவன்தான். ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகள் கழித்து அதே நாட்டில், எனக்கு உதவ வந்தவரைத் திருடர் என்று எண்ணி நடுங்கியபோது, ஒரு வரியேனும் என் நினைவுக்கு வரவில்லை. அச்சம் வந்துவிட்டால் படிப்பு பின்வாசல் வழியாக வெளியேறிவிடுகிறது.

விருந்தளித்தவரின் வாசலில்

அன்று முற்பகல் அய்யூப் பகுதிக்குச் சென்றேன். அது பழைய நகரின் கோட்டை மதிலுக்கு வெளியே இருக்கிறது. ஹிஜ்ரி ஐம்பதை ஒட்டிய ஆண்டுகளில், தள்ளாத முதுமையிலும் முஸ்லிம் படையோடு இங்கு வந்து, மதிலுக்கு வெளியே நோயுற்று வஃபாத்தானார்கள் அபூ அய்யூப் (ரலி) அவர்கள். நகரம் வெற்றிகொள்ளப்பட்ட பின் 1458இல் அங்கே பள்ளிவாசல் எழுந்தது. இப்போதுள்ள பள்ளி 1800இல் மீண்டும் கட்டப்பட்டது.

மக்கள் கையேந்தி நிற்கும் அவ்விடத்தில் நின்றபோது, அவர்களுடைய மதீனத்து வீடே என் மனத்தில் நிறைந்தது. பெருமானார் (ஸல்) அவர்கள் கீழ்த்தளத்தில் தங்க, அபூ அய்யூப் தம்பதியர் மேல்தளத்தில் இருந்தார்கள். ஓர் இரவு மேலே தண்ணீர்ப் பானை உடைந்துவிட்டது. கீழே நபிகளார் மீது ஒரு துளியும் சொட்டிவிடக் கூடாதே என்று பதறி, தங்களிடம் இருந்த ஒரே போர்வையால் கணவரும் மனைவியுமாக அந்த நீரை ஒற்றி எடுத்தார்கள். போர்வையின்றி அந்த இரவைக் கழித்தார்கள். விருந்தோம்பல் என்பது இல்லத்தலைவியின் பங்கில்லாமல் நிறைவேறுவதில்லை என்பதை நம் சகோதரிகளுக்கு இதைவிட அழகாக எடுத்துரைக்கும் நிகழ்ச்சி வேறில்லை.

முஸாபராக வந்த நபிக்கு வீட்டைத் திறந்துவிட்டவர், தாமும் ஒரு முஸாபராகவே அந்நிய மண்ணில் அடங்கினார். இன்று அவர் வாசலைத் தேடி உலகமே விருந்தாளியாக வந்துகொண்டிருக்கிறது!

ஊர் திரும்பிய பின்

ஊருக்கு வந்ததும் முத்தவல்லியிடமும் ஜமாஅத்தாரிடமும் நடந்ததைச் சொன்னேன். அந்தக் கார்த்திகை இரவையும் மறைக்கவில்லை. எதிர்ப்பு இல்லாமலில்லை. "உண்டியலுக்கு யார் பொறுப்பு? நாளை காவல்துறை வந்து கேட்டால் யார் பதில் சொல்வது?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விகளே. இரண்டு கூட்டங்களுக்குப் பின் ஒரு முடிவு கிட்டியது. மத்ரஸா வாயிலை ஒட்டி, உடைந்த பலகைகள் அடைந்துகிடந்த அறையைச் சுத்தம் செய்தோம். இரண்டு பாய், தலையணை, போர்வை, ஒரு குடம் தண்ணீர். வருபவரின் அடையாள அட்டையைப் பார்த்துப் பதிவேட்டில் குறித்துக்கொள்கிறோம். மூன்று இரவுகள் தங்கலாம். அறைக்குத் தனிக்கதவு உண்டு. ஆகவே பள்ளிவாசலைப் பூட்டுவதில் சிக்கலில்லை. மருத்துவமனைக்கு வந்தவர்களும், கடைசிப் பேருந்தைத் தவறவிட்டவர்களுமாகப் பதினேழு பேர் இதுவரை தங்கியிருக்கிறார்கள். எதுவும் களவு போகவில்லை.

பதிவேட்டைத் திறக்கும்போதெல்லாம் ஒரு பெயரைத் தேடுகிறேன். அந்த முதியவரின் பெயரை அன்று நான் கேட்டுக்கூட வைத்துக்கொள்ளவில்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வருகிறது.

பயணம் புறப்படும் சகோதரர்களுக்கும் சில சொற்கள். இரவில் தனித்துப் பயணம் செய்வதை நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை. இயன்றவரை அந்நிய ஊரைப் பகலில் சென்றடையுமாறு திட்டமிடுங்கள். தங்குமிடத்தின் முகவரியை அந்நாட்டு மொழியில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். விடுதிக்கு நீங்களே தொலைபேசியில் பேசி, அறை பதிவாகியிருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சிறிதளவேனும் அந்நாட்டுப் பணம் சட்டைப்பையில் இருக்கட்டும். ஓரிடத்தில் இறங்கித் தங்கும்போது அல்லாஹ்வின் முழுமையான வார்த்தைகளைக் கொண்டு பாதுகாப்புத் தேடும் துஆவை நபியவர்கள் கற்பித்திருக்கிறார்கள். முஸ்லிம் நூலில் அது உள்ளது. அதை மனனம் செய்து செல்லுங்கள்.

ஊரில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றே. உங்கள் பள்ளிவாசலின் வாயிலில் இன்றிரவு பத்து மணிக்கு முஸாபர் ஒருவர் வந்து நின்றால் அவருக்கு என்ன பதில் கிடைக்கும் என்பதை அடுத்த ஜும்ஆவுக்குப் பின் உங்கள் ஜமாஅத்தில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

நாம் எல்லோரும் ஒருநாள் அறிந்தவர் எவருமில்லாத ஓர் ஊருக்குள், தனியாக, இருளில் நுழைய இருக்கிறோம். அந்த முதல் இரவில் நமக்கு ஸலாம் கூறி வரவேற்கப்படும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் வழங்குவானாக! இங்கே நம் வாசலுக்கு வரும் பாதையின் மைந்தர்களை அவனுடைய விருந்தாளிகளாகக் கண்டு வரவேற்கும் உள்ளத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.